சர்வீஸுக்கு விட்ட காரைச் சரிபார்த்து வாங்குவது எப்படி

என் வேலை தணிக்கை. ரசீது இல்லாத செலவை யார் காட்டினாலும் விடமாட்டேன். ஆனால் என் சொந்தக் காருக்குச் செய்ய வேண்டிய வேலைகளை சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் மட்டும் ஆறு வருடமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வந்தேன். டீலரின் சர்வீஸ் சென்டர்தானே என்ற தைரியம். ஆறாவது வருட சர்வீஸ் முடிந்து 920 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் சீஸ் ஆனது, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றது. "ஆயில் பார்க்காம ஓட்டியிருக்கீங்க சார்" என்றார் சென்டரின் சர்வீஸ் அட்வைசர். மறுத்துப் பேச என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. என்னைப் போல் நீங்களும் வெறுங்கையோடு நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, வண்டியை விடுவதற்கு முந்தைய நாள். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரின் ஓரத்தில் அழியாத மார்க்கரால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். ஆயில் ஃபில்டர் கைக்கு எட்டினால் அதிலும் ஒன்று. சர்வீஸ் முடிந்து வரும்போது அந்தப் புள்ளி அங்கேயே இருந்தால், பில்லில் என்ன எழுதியிருந்தாலும் ஃபில்டர் மாறவில்லை. ஓடோமீட்டரையும், ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். அது ஒன்றுமே எழுதாததற்குச் சமம். "காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று விநாடி டக் டக் சத்தம்" என்று நீங்கள் கேட்டது கேட்டபடி எழுத வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அப்புறம் ஆயில். கையேட்டில் 0W-20 என்றோ 5W-30 என்றோ உங்கள் எஞ்சினுக்கான கிரேடு இருக்கும். அதையே எழுதச் சொல்லுங்கள். பல கையேடுகளில் ஆயில் கொள்ளளவு இரண்டு விதமாக இருக்கும்: ஃபில்டரோடு மாற்றினால் இவ்வளவு, ஃபில்டர் மாற்றாமல் இவ்வளவு. பில்லில் ஃபில்டருக்குப் பணம் போட்டுவிட்டு, லிட்டர் மட்டும் குறைந்த கணக்கில் இருந்தால் கேள்வி கேளுங்கள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான், காரணம் சொல்லத் தேவையில்லை.

வண்டியை எடுக்க, கடை மூடும் நேரத்தில் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம், உங்களுக்கும்தான். சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் தவறுதான். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க், ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் தெரியும். டீசலில் கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும், அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அன்று இரவு எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் உடனே போட்டோ, உடனே போன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அளவை மறுபடி பாருங்கள். என் தப்பு இங்கேதான். 920 கிலோமீட்டரில் ஒரு முறைகூட நான் பானெட்டைத் திறக்கவில்லை.

இரண்டாவது தப்பு, சிவப்பு விளக்கு. டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை போல எரியும் அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதல்ல, அழுத்தத்தைச் சொல்வது. கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அங்கே ஆயில் படலம் போய்விட்டால் உலோகம் உலோகத்தில் உரசும், சீக்கிரமே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நானோ நிழல் தேடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன்.

சரி, எஞ்சின் நின்றேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். டோ வண்டியில் ஏற்றுங்கள். சர்வீஸ் சென்டருக்குள் வண்டி நுழைந்ததும் "என் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. போனில் பேசினால்கூட, பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். பிரிக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் டிப்ஸ்டிக், அடுத்து வடித்த ஆயில் எத்தனை லிட்டர் என்ற அளவு, ஆயில் வடிக்கும் துளையை அடைக்கும் ட்ரெயின் பிளக்கும் அதன் வாஷரும், பிறகு ஃபில்டர், கடைசியில்தான் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப். ஒவ்வொன்றுக்கும் போட்டோ. வடித்த ஆயிலைச் சுத்தமான இரண்டு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி மூடி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் கொடுத்தால் செம்பு, ஈயம் போன்ற பேரிங் உலோகங்கள் எவ்வளவு, கூலன்ட் கலந்திருக்கிறதா, ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

என் வண்டியில் ஆய்வகம் வரை போகத் தேவைப்படவில்லை. ஃபில்டரைக் கழற்றிய மெக்கானிக் தம்பி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ரப்பர் வளையம் இரண்டு. பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது; அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை முடுக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் தாங்கியது, பிறகு ஓடும்போது பிதுங்கி ஆயில் முழுவதும் ரோட்டில். அட்வைசர் எதுவும் பேசவில்லை. நான் ஆறு போட்டோ எடுத்தேன்.

அதன் பிறகும் நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து. விளக்கு எரிந்தும் ஓட்டினேன் என்பதை அவர்கள் விடவில்லை, நானும் மறைக்கவில்லை. பாகங்கள் அவர்கள் செலவு, கூலி என் செலவு என்று முடிந்தது. கடைசி பில்லைப் படித்துப் பார்த்தால் ஆயில் ஃபில்டரும் வாஷரும் என் கணக்கில் இரண்டு வரியாக இருந்தன. இரண்டையும் அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.