மூச்சு நின்றவருக்கு ஆக்ஸிஜன்: எது முதலில், எது அப்புறம்

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கள் மன்னார்குடிப் பக்கம் சில வீடுகளில் இன்னும் மூலையில் நிற்கிறது. முதலுதவிப் பயிற்சி என்று உட்கார்ந்தாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஆள் விழுந்துட்டா அந்த மாஸ்க்கை மாட்டிவிடலாமா?" மூச்சே விடாதவருக்கு மாட்டிப் பலனில்லை. உள்ளே இழுக்க ஆள் வேண்டுமே! போர்செட் நின்ற பிறகு தொட்டியில் உரம் கரைத்தால் வயலுக்கா போகும்? முதலில் மோட்டாரைப் பார்ப்போம்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு ஏங்கல் மட்டும் வரும். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். நீங்கள் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். திடீரென்று விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும். அதை மூளைக்குத் தள்ளுவதுதான் உங்கள் வேலை. பயிற்சி இல்லாதவர் ஆம்புலன்ஸ் வரும்வரை இதை மட்டும் விடாமல் செய்யலாம்.

ஆற்றில் மூழ்கியவர் விஷயம் வேறு. மேட்டூர்த் தண்ணீர் வந்து பாமணி ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் இது முக்கியம். அவருக்கு ஆக்ஸிஜன் தீர்ந்துபோய்த்தான் இதயம் நின்றிருக்கும். தலையைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் ஊதுங்கள். சில பயிற்சிகளில் 2 ஊதல் என்பார்கள், சிலவற்றில் 5. அப்புறம் 30 அழுத்தல், 2 ஊதல். நாம் வெளிவிடும் காற்றில் 16–17 சதவீதம் ஆக்ஸிஜன் உண்டு; அதுவே உதவும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

அடுத்தது ஆம்பு பேக், அதாவது மாஸ்க்கோடு இணைத்துக் கையால் அமுக்கிக் காற்று ஊதும் பை. இது பயிற்சி பெற்றவர்களுக்கு. வெறும் காற்றில் அமுக்கினால் 21 சதவீதம். பின்னால் தொங்கும் சேமிப்புப் பையோடு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டத்தில் ஆக்ஸிஜனை இணைத்தால் கிட்டத்தட்ட 100 சதவீதம் வரை போகும். ஆனால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் அத்தனையும் வீண். அதனால் ஒருவர் இரு கைகளாலும் மாஸ்க்கை அழுத்தி, தாடையை மேலே தூக்கிப் பிடிக்கட்டும்; இன்னொருவர் அமுக்கட்டும். பை பெரிது, வேண்டியதோ 500–600 மி.லி.தான். ஒரு நொடி அமுக்கி, நெஞ்சு லேசாக எழும்பினதும் விட்டுவிடுங்கள்.

நான் முதன்முதலில் பொம்மையின் மேல் பழகியபோது ஐஸ் வண்டி ஹாரன் மாதிரி அமுக்கித் தள்ளினேன். நிஜ ஆளாக இருந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வந்திருக்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறைந்திருக்கும்.

தொண்டைக்குள் குழாய் வைப்பது ஆம்புலன்ஸ்காரர்கள் பாடு. வைத்துவிட்டால் அழுத்தலை நிறுத்தாமல் 6 நொடிக்கு ஒரு மூச்சு.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு கணக்கு. கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் கொண்ட பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் வீதம் 100 நிமிடம் வரும். பாதிதான் இருக்கிறதென்றால் 50. இதயத்துக்குக் கருவியால் மின் ஷாக் கொடுக்கும்போது மாஸ்க்கையும் குழாயையும் நெஞ்சிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கலாம்.

நாடி திரும்பியதும் ஆக்ஸிஜனைக் குறைக்கக் கை பரபரக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2022-இல் வெளியான எக்ஸாக்ட் ஆய்வில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆக்ஸிஜன் குறைக்கப்பட்ட நோயாளிகளில் 38.3 சதவீதம் பேர் உயிரோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார்கள், குறைக்கப்படாதவர்களில் 47.9. ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி நம்பகமாக எண் காட்டிய பிறகே 94–98 சதவீதத்தைக் குறிவைத்துக் குறைக்கலாம். ஆற்றிலிருந்து எடுத்தவரின் விரல் ஜில்லென்றிருந்தால், அந்த எண்ணை நம்பிக் குமிழைத் திருகாதீர்கள்.