குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எதையும் தட்டிவிடுவதற்கு முன்

போன மாதம் எங்கள் குடும்ப குரூப்பில் விடியற்காலை ஐந்தரைக்குப் பெரியப்பா தவறிய செய்தி வந்தது. அதற்கு நேர் கீழே, ரோஜாப்பூவும் டீ கோப்பையுமாக ஒரு 'இனிய காலை வணக்கம்'. அனுப்பிய அத்தை மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, தினமும் அனுப்புகிற கை, அனுப்பிவிட்டது. அதனால் முதலில் கடைசியாக வந்த நாலைந்து மெசேஜைப் படியுங்கள், அப்புறம் உங்களுடையதைப் போடுங்கள். துக்கச் செய்திக்குக் கட்டைவிரல் வேண்டவே வேண்டாம். பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில்தான் போடுகிறீர்கள், சரி, ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வரி எழுதுங்கள், முடிந்தால் போனில் பேசுங்கள்.

தப்பாகப் போய்விட்டதா? மெசேஜை அழுத்திப் பிடித்தால் எல்லாருக்குமே டெலீட் செய்யலாம், இரண்டு நாள் வரை அவகாசம் உண்டு. எழுத்துப்பிழை என்றால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். டெலீட் செய்த இடத்தில் அழித்த அடையாளம் நிற்கும், அதைப் பார்த்து என்னவாக இருக்கும் என்று நாலு பேர் தனியாகப் போன் போட்டுப் பேசிக்கொள்வார்கள், ஆகவே 'கை தவறிப் போய்விட்டது' என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

ஃபார்வர்டில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஏற்கெனவே பல கை மாறி வந்த சரக்கு. 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடிகிறது. 'உண்மையா என்று தெரியவில்லை, எதற்கும் போடுகிறேன்' என்று சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தெரியவில்லை என்றால் போடாதீர்கள். மருந்து, வைத்தியம் விஷயத்தில் கட்டாயமாக.

நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் எதைப் பற்றி என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், பஸ்ஸில் நிற்கிறவர் அவசரமா இல்லையா என்று தெரிந்துகொள்வார்.

மார்க் எவ்வளவு, வரன் அமைந்ததா, வாங்கிய பணம் என்ன ஆச்சு, இதெல்லாம் தனி மெசேஜில். எண்பது பேர் முன்னால் கேட்டால் பதில் வராது, மனக்கசப்புதான் வரும்.

தாங்கவில்லை என்றால் மியூட் போட்டு ஆர்க்கைவில் தள்ளுங்கள். வெளியேறினால் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், ஆனாலும் குரூப் விவரத்தில் போனவர்கள் பட்டியல் 60 நாள் இருக்கும். அதைத் தேடிப் பார்க்கிற சித்தப்பா எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.