உறுமி ஒலித்தால் நாட்டுப்புறப் பாட்டா?

கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் உறுமியும் தவிலும் அதிர்ந்தால் போதும், "அருமையான நாட்டுப்புறப் பாட்டு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது ஸ்டுடியோவில் மெட்டுப் போட்டு, ஒருவர் எழுதி, இன்னொருவர் பாடிப் பதிவான சினிமாப் பாட்டாக இருக்கும். வாத்தியத்தை வைத்து முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. தாலாட்டுக்கு ஏது வாத்தியம்? தூளியின் ஆட்டம்தான் தாளம்.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? 1954இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் கூடிய சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் ஒரு வரையறை தந்தது. வாய்மொழியாகக் கைமாறி வளர்ந்த மரபில் பிறப்பது நாட்டுப்புற இசை. தொடர்ச்சி, மாறுபாடு, தேர்வு ஆகிய மூன்றும் அதை உருவாக்குகின்றன. கேட்கக் கனமாக இருக்கிறதா? தாலாட்டையே பாருங்கள். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது தொடர்ச்சி. மாமன் பெயரும் அவன் கொண்டுவரும் சீரும் வீட்டுக்கு வீடு மாறுவது மாறுபாடு. பிடிக்காத அடி மறந்துபோய், பிடித்தது நிற்பது தேர்வு.

அதனால்தான் "இதில் எது சரியான வடிவம்?" என்று தேடுவது வீண் வேலை. பக்கத்து ஊரில் வேறு மாதிரி பாடினால் அவர்கள் தப்பாகப் பாடுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

எழுதியவர் பெயர் தெரியக்கூடாது என்பது இன்னொரு நம்பிக்கை. அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) காவடி தூக்குவோரின் நடைப்பாட்டை எடுத்துக் காவடிச்சிந்தாக்கினார். ஏட்டில் உள்ளபடி மேடையில் பாடும்போது அது அவருடைய கவிதை. பாதயாத்திரைக் கூட்டம் அடிகளைக் கூட்டிக் குறைத்து, தங்கள் ஊர் முருகனையும் சேர்த்துப் பாட ஆரம்பித்தால் கதை வேறு. சினிமா மெட்டுக்கும் இதே கணக்குதான். அப்படியே ஒப்பித்தால் சினிமாப் பாட்டு. அதே மெட்டில் மாரியம்மனுக்குச் சொல் கட்டி, வருஷா வருஷம் மாற்றிக் கும்மியடித்தால், அதை நான் தயங்காமல் நாட்டுப்புறக் கணக்கில்தான் சேர்ப்பேன். முகம் சுளிப்பவர்களும் உண்டு.

பழசாக இருக்க வேண்டும், கிராமத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம்கூட வேண்டாத நிபந்தனைகள். சென்னையின் கானாவுக்கு வயலும் வரப்பும் தெரியாது.

சரி, பாட்டைச் சேகரிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு, அது எந்த வேலையில், எந்தச் சூழலில் பாடப்பட்டது என்பதை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கிணற்றிலிருந்து ஏற்றத்தால் நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டில், எத்தனை சால் (நீர் மொள்ளும் பாத்திரம்) இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் பாட்டோடு ஓடும். பம்புசெட் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. ஏற்றம் பார்க்காதவருக்கு அந்த எண்கள் வெறும் அடுக்கு. ஒப்பாரி இன்னும் சிக்கல். நல்ல நாளில் வீட்டுக்குள் உட்காரவைத்து "ஒரு ஒப்பாரி பாடுங்கம்மா" என்று கேட்டால் பல பெண்கள் மறுத்துவிடுவார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது. வற்புறுத்தாதீர்கள். மனமிருந்தால் அவர்களே வீட்டைத் தாண்டி ஒரு மரத்தடிக்கு வந்து பாடுவார்கள். அப்போது யாருக்காக முதலில் பாடிய ஒப்பாரி அது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.