மூளைத் தூண்டல் சிகிச்சைக்குப் பின்னும் தீராத மாத்திரை வேட்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கின்சன் நோய்க்கு டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை (மூளைக்குள் மின்முனை பொருத்தி, உடலில் வைத்த கருவியால் மின்தூண்டல் தருவது) முடிந்துவிட்டால் மாத்திரைப் பிரச்சினையும் முடிந்துவிடும் என்று நம்பியிருப்பது குடும்பத்தார் பலர் செய்யும் தவறு. சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப் பகுதியில் மின்முனை பொருத்தப்பட்டவர்களுக்கு லெவோடோபா (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறும் மருந்து) முதலிய மருந்துகளை ஏறக்குறைய பாதியாகக் குறைக்க முடிவதுண்டு. குளோபஸ் பல்லிடஸ் என்ற மற்றொரு பகுதியில் பொருத்தினால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. உடலின் தேவை குறைந்த பிறகும் சிலருக்கு மனத்தின் தேவை குறைவதில்லை. தேவைக்கு மேல் மருந்தை நாடும் இந்த வேட்கை, டோபமின் ஒழுங்கின்மை நோய்க்குறி எனப்படுகிறது; இது சிகிச்சைக்குப் பின் பலருக்குத் தணிகிறது, சிலருக்குத் தொடர்கிறது, அரிதாகப் புதிதாகவும் தொடங்குகிறது.

கழுத்தும் தோளும் தன்னிச்சையாக நெளிந்தாடிக்கொண்டிருக்கும்போதே, "உடம்பு கட்டிப்போச்சு, இன்னொன்னு குடு" என்று நோயாளி கேட்கலாம். அந்த ஆட்டம் மருந்து மிகுந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை அறியாமல், பாவம் என்று இரங்கிக் கொடுத்துவிடுகிறோம். அல்லது பேராசை என்று ஏசுகிறோம். இரண்டாவதுதான் கூடுதல் கேடு, ஏனெனில் ஏச்சுக்கு அஞ்சியவர் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வேறு கடையில் வாங்கி, தலையணை உறைக்குள் மாத்திரை அட்டையை ஒளித்துவைப்பார். அதற்காக எல்லாக் கோரிக்கையையும் வேட்கை என்று தள்ளிவிடவும் கூடாது: தூண்டல் போதாமலோ, கருவியின் பேட்டரி தீர்ந்துகொண்டிருப்பதாலோ உண்மையிலேயே விறைப்பு கூடியிருக்கலாம். மாத்திரை விழுங்கிய நேரத்தையும் அப்போதைய அசைவையும் எழுதிவைத்தால் மருத்துவரால் இவற்றைப் பிரித்தறிய முடியும்.

மிக ஆபத்தான தவறு, மாத்திரை அனைத்தையும் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்துவது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். டோபமினைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளைச் சட்டென்று விட்டாலும் பதற்றம், வியர்வை, சோர்வு ஆகியவற்றோடு அதே வேட்கை இன்னும் முற்றும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் மருந்து விரைவாகக் குறைக்கப்பட்டவர் எதிலும் நாட்டமின்றி முடங்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அதைச் சலிப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படிப்படியாகக் குறைப்பது நரம்பியல் மருத்துவரின் பொறுப்பு. எண்ணிக் கொடுப்பதற்கு வீட்டில் ஒருவர், வாங்குவதற்கு ஒரே கடை என்றிருப்பது நம் பொறுப்பு.

இந்த மருந்துகளால் சிலருக்கு வரும் சூதாட்டம், கட்டற்ற செலவு, மிகையான பாலியல் நாட்டம் ஆகியவற்றை மானத்துக்கு அஞ்சி மறைப்பதும் நடக்கிறது. மருந்து மட்டுமன்றித் தூண்டலும் சிலருக்கு மிதமிஞ்சிய உற்சாகத்தையும் அவசரபுத்தியையும் தருவதால், கருவியின் அளவை மாற்றிய தேதியையும் நடத்தை மாறிய தேதியையும் சேர்த்துச் சொன்னால்தான் எதைத் திருத்துவது என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும்.