வாட்டர்கலரில் தாள் சுருளாமல் இருக்க

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். வாட்டர்கலரில் வானம் தீட்ட ஆரம்பித்தாலே தாள் மேடும் பள்ளமுமாக எழும்பிவிடும். பள்ளத்தில் நீலம் தேங்கித் திட்டுத் திட்டாகக் காயும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜிஎஸ்எம்) தடித்த தாளில் இவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் அது விற்கிற விலைக்கு வகுப்பு முழுக்க வாங்கக் கட்டுப்படியாகாது.

சரி, சாதாரண டிராயிங் ஷீட்டையே முதலில் இழுத்துக் கட்டிவிடலாம் என்று இறங்கினோம். நனைத்தால் நார்கள் ஊறித் தாள் விரியும். அந்த ஈரத்தோடு ப்ளைவுட் பலகையில் பரப்பி, ஓரத்துத் தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளைக் கீற்றாக வெட்டி மைதாப் பசையால் நாலு பக்கமும் ஒட்டினோம். கீற்றில் பாதி தாள்மேல், பாதி பலகைமேல். செல்லோடேப் ஈரத்தில் நிற்காது. புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடுமே என்று நான் சேர்க்கவில்லை.

பலகையைச் சாய்க்காமல் நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் தாள் பறைத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அப்புறம் தாராளமாக நீர் விட்டுத் தீட்டினாலும், உலரும்போது தானே சமமாகிவிடுகிறது. படம் முழுக்கக் காய்ந்த பிறகே பிளேடால் ஓரத்தை வெட்டி எடுக்கிறோம்.