கப்பலைச் சுருக்கலாம், கடலைச் சுருக்க முடியாது

பாய்மரக் கப்பல் சாகசப் படம் எடுக்க முனைவோர் பணத்தையும் உழைப்பையும் கப்பலின் மீதே கொட்டிவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கடைசியில் யோசிப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். 96 அடிக் கப்பலை 6 அடி மாதிரியாகத் தச்சர்கள் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும், அதன் மீது தெறிக்கும் தண்ணீர் உடன் சேர்ந்து சுருங்குவதில்லை. சுண்டைக்காய் அளவுள்ள துளி, திரையில் பீரங்கிக் குண்டின் பருமனுக்குத் தெரிந்து மொத்தத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மாதிரியை இயன்ற அளவு பெரிதாகச் செய்வதே நல்லது.

கேமராவின் வேகத்திலும் பலர் சறுக்குகிறார்கள். அளவு 16-இல் ஒரு பங்கானால் வேகத்தை 16 மடங்காக்க வேண்டியதில்லை. அதன் வர்க்கமூலமான 4 மடங்கு, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம்களுக்குப் பதில் 96 ஃபிரேம்கள் எடுத்து, திரையில் வழக்கமான 24-இல் ஓட்டினால் அலை எழுந்து விழுவதில் பெருங்கடலின் நிதானம் வந்துவிடும்.

1935-இல் வெளிவந்த ‘கேப்டன் பிளட்’ படத்தில் மாதிரிக் கப்பல்களையும் மௌனப்படக் காலத்துக் கடற்போர்க் காட்சிகளையும் கலந்து சமாளித்த வார்னர் பிரதர்ஸ், 1940-இல் ‘தி சீ ஹாக்’ படத்துக்காகப் பெரும் அரங்கு ஒன்றை எழுப்பி, அதில் நீர் நிரப்பி முழு அளவுக் கப்பல்களை நிறுத்தியது. அப்போதும் தொட்டிக்கு அப்பால் இருக்கும் கடல் அசையாத ஓவியமாக நின்றால் என்ன பயன்? அந்தப் பின்னணியில் அலைகள் நெளியும் தோற்றத்தை உண்டாக்கிய கருவிக்காகக் கலை இயக்குநர் ஆன்டன் குரோட்டும் அந்நிறுவனத்தின் கலைத்துறையும் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது முற்றிலும் தகும் என்பேன்.

அசல் கடலுக்கே போனால் தீர்ந்தது என்பதும் தவறு. 1962-இன் ‘மியூட்டினி ஆன் தி பவுன்டி’ படத்துக்காகக் கனடாவின் லூனன்பர்கில் கட்டிய கப்பல், கேமராக்களுக்கும் படக்குழுவுக்கும் இடம் வேண்டி, சுமார் 90 அடி நீளமிருந்த மூலக் கப்பலை விடப் பெரிதாகவே கட்டப்பட்டது.

அரங்கில் அசையாத அறையை வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் சாய்ப்பவர்கள் கூரையில் தொங்கும் விளக்கை மறந்துவிடுகிறார்கள். உருளும் கப்பலில் உத்திரம் சாயும்போது விளக்கு அதனோடு சாயாமல் தனியே ஊசலாடும். இங்கோ இரண்டும் ஒட்டிவைத்தாற்போல் ஒன்றாகச் சாயும். விளக்கில் கண்ணுக்குத் தெரியாத நூலைக் கட்டி, சாய்வுக்கு ஏற்ப இழுக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும். நடிகர்களும் அதே கணக்கில் கால் மாற்றி நிற்கப் பழக வேண்டும்.