ஜங்கிள் புக்கைக் குழந்தையோடு பார்ப்பது எப்படி

டிஸ்னியின் 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் 1967இல் வந்தது. என் மகளோடு இதுவரை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை அவளுக்கு நாலு வயது. படம் ஓட ஓட இது யார், அது ஏன் ஓடுகிறது என்று நான் பக்கத்திலிருந்து விளக்கிக்கொண்டே இருந்தேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

விளக்கவே தேவையில்லாத படம் இது. மௌக்லி என்ற பையனைக் காட்டிலிருந்து பத்திரமாக ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், கதை அவ்வளவுதான். ஒவ்வொரு மிருகமும் தன் உடம்புக்கும் நடைக்கும் ஏற்ற இசையோடு வருகிறதே, குழந்தைகள் மயங்குவது அதில்தான். அதனால் காதிலிருந்து தொடங்குங்கள்.

படம் போடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, கரடி பலூ பாடும் 'தி பேர் நெசசிட்டீஸ்' பாட்டை மட்டும் வீட்டில் ஓடவிடுங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம். குழந்தை விளையாடும்போது பின்னணியில் கேட்டால் போதும். படத்தின் மற்ற பாடல்கள் பாடலாசிரியர்களான ஷெர்மன் சகோதரர்களுடையவை. இது மட்டும் டெர்ரி கில்கைசன் எழுதியது. படத்துக்கு முதலில் தயாரான, இருண்ட சாயல் கொண்ட கதை வடிவம் வால்ட் டிஸ்னிக்குப் பிடிக்காமல் போனது. அதற்காக கில்கைசன் எழுதியிருந்த பாடல்களில் தப்பிப் பிழைத்தது இந்த ஒன்றுதான். ஆஸ்கர் பரிந்துரை வரை போனதும் இதுதான்.

படம் 78 நிமிடம். சின்னக் குழந்தை என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். குரங்குகளின் பாழடைந்த மாளிகை இடிந்து விழும் இடத்தில் நிறுத்துவது நல்லது. ஆனால் அதற்கு முன் வரும் குரங்கு ராஜா லூயியின் பாட்டில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. லூயி அர்த்தமில்லாத ஒலிகளாக அடுக்கும். தேங்காய்ச் சிரட்டையை வாயில் கட்டிக்கொண்டு பெண் குரங்கு வேடத்தில் வந்திருக்கும் பலூ பதிலுக்கு அடுக்கும். அதற்கு எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் ஒரு வரி, குழந்தை ஒரு வரி என்று கூடவே கத்துங்கள். அன்று முழுக்க வீட்டில் அதே சத்தம்தான் இருக்கும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது பலூ முதுகு சொறியும் இடத்தில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். முதலில் மரத்தில் தேய்க்கும். அது போதாமல் மரத்தையே பிடுங்கி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கண் சொருக, கால் தள்ளாடத் தேய்த்துத் தேய்த்து ஆற்றில் விழும். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் அந்த உடம்பு தாளம் போடுவது தெரியும். அப்புறம் அதன் வயிற்றில் மௌக்லி படகில் போவதுபோல் படுத்துக்கொண்டு மிதப்பான். இங்கே படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, பலூவின் உடம்பைச் சுற்றியுள்ள கோட்டைப் பாருங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக, பென்சில் கோடு மாதிரியே இருக்கும். உண்மையிலேயே பென்சில் கோடுதான். 1960களில் டிஸ்னியில் ஓவியரின் கோட்டைக் கையால் மறுபடி மையிட்டு வரையாமல், ஜெராக்ஸ் முறையில் நேராகத் தாளிலிருந்து கண்ணாடித்தாளுக்கு மாற்றினார்கள். குழந்தையிடம் இதைச் சொன்னால் உடனே பென்சில் கேட்கும், கொடுங்கள்.

புலி ஷேர் கானுக்கும் இதே போலச் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். தோள்பட்டை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதிலேயே அதன் திமிர் தெரியும்.

பயமுறுத்தும் இடங்கள் இரண்டு. மலைப்பாம்பு காவின் கண்ணில் வண்ண வளையங்கள் சுழலும்போது சில குழந்தைகள் முகத்தை மூடிக்கொள்ளும், மூடிக்கொள்ளட்டும், விடுங்கள். இரண்டாவதில்தான் கவனம் வேண்டும். புலியோடு சண்டை போட்டுப் பலூ அசையாமல் கிடக்கும். மழையில் கருஞ்சிறுத்தை பகீரா இரங்கல் சொல்லும். என் மகள் விம்ம ஆரம்பித்ததும் சமாதானப்படுத்துவதற்காக நான் படத்தை நிறுத்திவிட்டேன். பலூ செத்த நிலையிலேயே திரையில் உறைந்து நின்றது. அழுகை இரண்டு மடங்கானது. அங்கே எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பலூ எழுந்துவிடும், அதுவும் தன்னைப் பற்றிய புகழுரையை ரசித்துக் கேட்டபடியே.

முடிவில் தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்ணின் பின்னால் மௌக்லி ஊருக்குப் போய்விடுவான். என் மகள் அந்தப் பெண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. "பலூ இனிமே தனியாவா இருக்கும்?" என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரலாம். வந்தால் வாயால் பதில் சொல்லாமல், கடைசி ஒரு நிமிடத்தை மறுபடி போடுங்கள். பலூவும் பகீராவும் தோளில் கை போட்டு, முதல் நாள் நீங்கள் ஓடவிட்ட அதே பாட்டைப் பாடிக்கொண்டு காட்டுக்குள் ஆடிப்போவார்கள்.